ஏழாம் அத்தியாயம்: பூஞ்சணம் பிடித்த பாபிகியூ அடுப்பு

இந்தப் பக்கத்தைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்றால், பின்வளவில் நிற்கும் அடுப்பின் மூடியை அநேகமாக ஏற்கெனவே திறந்து பார்த்திருப்பீர்கள். கம்பித்தட்டில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ படர்ந்திருக்கும். ஊசல் மணம் மூக்கில் அடித்திருக்கும். மூடியைத் திரும்ப மூடிவிட்டு, "நெருப்பை மூட்டினால் எல்லாம் எரிந்துபோகும்தானே" என்றும் நினைத்திருப்பீர்கள்.

அது பாதி சரி. பூஞ்சணம் சூட்டைத் தாங்காது. 60, 70 பாகை செல்சியஸிலேயே பெரும்பாலானவை செத்துவிடும். உங்கள் அடுப்போ 260 பாகைக்கு மேல் போகும். ஆனால் அந்தச் சூடு அடுப்பின் எல்லா இடத்துக்கும் போவதில்லை. கீழே இருக்கும் கொழுப்புத் தட்டு, மூடியின் ஓரம், பக்கப் பலகை, சிலிண்டர் வைக்கும் பெட்டி ஆகியவை எல்லாம் ஓரளவுதான் சூடாகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பூஞ்சணம் வளர்வதே போன வருடம் தேங்கிய கொழுப்பில்தான். அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு நெருப்பை முழுவீச்சில் மூட்டினால் பூஞ்சணத்தோடு சேர்த்து அடுப்பும் எரியும். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வரிசையைத்தான் வலியுறுத்துகிறது: முதலில் கொழுப்பை அகற்றுவது, அடுத்து நெருப்பு, அதன்பின் தேய்ப்பு, கடைசியாக மீண்டும் நெருப்பு.

கீழே சொல்லப்படும் வேலைமுறை ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் வீடுகளில் அதிகம் காணப்படும் புறொப்பேன் அடுப்புக்கானது. கரி அடுப்புக்கும் மற்ற வகைகளுக்கும் எது மாறும் என்பதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

பூஞ்சணம்தானா என்று முதலில் பாருங்கள்

மூடிக்குள் தெரியும் எல்லாமே பூஞ்சணம் அல்ல. அடையாளம் காண ஈரக் கடதாசித் துண்டு ஒன்று போதும்.

மென்மயிர்போல எழும்பி, வெள்ளை, சாம்பல், பச்சை அல்லது நீலப்பச்சை நிறத்தில் வட்டம் வட்டமாக இருந்தால் அது பூஞ்சணம். ஈரக் கடதாசியால் தொட்டால் இழுபட்டு, குழைந்து ஒட்டிவரும்.

மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் செதிலாகத் தொங்குவது பெரும்பாலும் கரியாகிப்போன கொழுப்பும் புகையும்தான். "பெயின்ற் உரிகிறது" என்று பயந்து அடுப்பையே வீசியவர்கள் உண்டு. அந்தச் செதில் பளபளப்பாக இருக்கும். விரலால் நெரித்தால் நொறுங்கும். அதையும் அகற்றத்தான் வேண்டும், சாப்பாட்டில் விழும். ஆனால் பூஞ்சணத்துக்குரிய எச்சரிக்கை அதற்குத் தேவையில்லை.

செம்மஞ்சள் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது கறள். வார்த்த அலுமினியத்தாலான அடுப்புப் பெட்டியில் வெள்ளை மாப்போலப் படிந்திருப்பது உலோகம் காற்றும் ஈரமும் பட்டுப் பூத்தது. துடைத்தால் போய்விடும்.

எதுவென்று தீர்மானிக்க முடியாவிட்டால் பூஞ்சணம் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கூடுதலாகக் கழுவியதால் எந்த அடுப்பும் கெட்டதில்லை.

எப்போது பிடிக்கிறது

"முழுக் குளிர்காலமும் மூடிக் கிடந்தது, அதுதான் பிடித்துவிட்டது" என்பார்கள். ஜனவரி மாதத்து உறைபனியில் பூஞ்சணம் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். அது வளர்வது இரண்டு பருவங்களில்: கடைசியாகச் சமைத்து மூடிய பிறகு வரும் ஈரமான இலையுதிர்கால வாரங்களிலும், பனி உருகும் மார்ச், ஏப்ரலிலும். விக்ரோறியா தின விடுமுறை வரைக்கும் மூடியைத் திறக்காமல் இருப்பவர்கள் அந்த இரண்டாவது பருவத்தை முழுதாகப் பூஞ்சணத்துக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். கோடையிலும் இது நடக்கும். புழுக்கமான ஜூலையில், சமைத்த அடுப்பை உறை போட்டு மூடிவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தால் போதும்.

நம் சமையலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தயிரும் வெங்காயமும் இஞ்சி உள்ளியும் அரைத்துப் பிரட்டிய கோழி, சும்மா உப்பும் மிளகும் போட்ட இறைச்சித் துண்டைவிடக் கூடுதலாகக் கம்பியில் ஒட்டும். ஒட்டியது அப்படியே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

எடுத்து வைக்க வேண்டியவை

- என்95 முகக்கவசம், றப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி
- விசிறும் போத்தலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்தது
- அகலமான பிளாஸ்ரிக் சுரண்டி (பெயின்ற் கடையில் கிடைக்கும் புட்டி அலகு போதும்)
- தும்பு பிறஷ் அல்லது நைலோன் பிறஷ். கம்பி பிறஷ் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது
- தடித்த குப்பைப் பைகள், கடதாசித் துவாய், பழந்துணி
- இரண்டு வாளி: ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர்
- வினாகிரி, அப்பச்சோடா, கொஞ்சம் கனோலா எண்ணெய்
- பேர்னர் குழாய்க்குள் விட்டு இழுக்க, வளையக்கூடிய மெல்லிய பிறஷ்
- கைக்கெட்டிய தூரத்தில் தீயணைப்பான்

தொடங்குமுன்

ஈரமில்லாத, காற்று அதிகம் வீசாத நாளாகப் பாருங்கள். அடுப்பைச் சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் 3 மீற்றராவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கராஜுக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டுச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். நெருப்பு மூட்டும் கட்டம் வந்ததும் காபன் மொனொக்சைட்டு அங்கே தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் இந்த வேலையைச் செய்யவும் வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். யன்னல்களை மூடிவிடுங்கள். பிள்ளைகளும் நாயும் உள்ளே இருக்கட்டும்.

வேலை: படி படியாக

1. எரிவாயுவை நிறுத்துங்கள். எல்லாக் குமிழ்களும் அணைந்த நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலிண்டர் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தள்ளி நிமிர்த்தி வையுங்கள். வீட்டிலிருந்து நேரடியாக இயற்கை வாயு இணைப்பு வைத்திருப்பவர்கள் சுவரோர வால்வை மூட வேண்டும்.

2. நனைத்த பிறகே தொடுங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் தேய்த்தால் வித்துகள் காற்றில் எழும்பும். அவை போய்ச் சேர்வது உங்கள் நுரையீரலுக்கும் அடுப்பின் மற்ற மூலைகளுக்கும். முகக்கவசத்தை அணிந்துகொண்டு, மூடியை மெல்லத் திறந்து, பூஞ்சணம் தெரியும் இடமெல்லாம் சவர்க்காரத் தண்ணீரை விசிறுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும்.

3. கழற்றக்கூடியவற்றைக் கழற்றுங்கள். சமைக்கும் கம்பித்தட்டு, மேலே உள்ள சிறிய தட்டு, பேர்னருக்கு மேல் கூரைபோலக் கவிழ்ந்திருக்கும் தகடுகள், கீழே கொழுப்புத் தட்டு, வடிகிண்ணம். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை. பழைய அடுப்புகளில் எரிமலைக் கற்கள் போட்டிருப்பார்கள். அவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தால் கழுவி மினக்கெடாமல் வீசிவிடுங்கள். துளைகளுக்குள் ஊறிய கொழுப்பு வெளியே வராது, புதுக்கற்கள் விலையும் அதிகமில்லை.

4. கொழுப்பை அகற்றுங்கள். இந்த அத்தியாயத்தில் அவசரப்படக்கூடாத படி இதுதான். வடிகிண்ணத்தில் உறைந்திருப்பதைக் குப்பைப் பைக்குள் தட்டுங்கள். கொழுப்புத் தட்டைச் சுரண்டுங்கள். பிறகு அடுப்புப் பெட்டியின் பக்கச் சுவர்களையும் அடியையும் மேலிருந்து கீழாகச் சுரண்டி, விழுந்ததையெல்லாம் கடதாசித் துவாயால் அள்ளுங்கள். மூடியின் உட்புறத்தையும் விடாதீர்கள். பையை அப்போதே இறுகக் கட்டுங்கள். தோட்டத்தில் கொட்டினால் எலியும் ரக்கூனும் தேடிவரும். கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

குறிப்பு: தட்டுக்கு அலுமினியத் தாளாலான உள்விரிப்பு போட்டிருந்தால் அதை அப்படியே சுருட்டி எறியலாம். இதுவரை போடாதவர்கள் இனிமேல் போடுங்கள். ஆனால் கொழுப்பு வடியும் துவாரத்தைத் தாள் மூடக்கூடாது.

5. பேர்னரைப் பாருங்கள். பூஞ்சணத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் அடுப்பு இப்படித் திறந்து கிடக்கும் நேரம் இனி வராது. மாதக்கணக்கில் சும்மா இருந்த பேர்னர் குழாய்களுக்குள் சிலந்தி கூடு கட்டும். அடைபட்ட குழாயில் வாயு பின்னோக்கி வந்து குமிழ்ப் பக்கம் தீப்பிடிப்பதும் உண்டு. மெல்லிய பிறஷை உள்ளே விட்டு இழுங்கள். மேலுள்ள சிறு துளைகள் அடைபட்டிருந்தால் நிமிர்த்திய கடதாசிக் கவ்வியின் நுனியால் குத்தித் திறவுங்கள். பற்குச்சி வேண்டாம், முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

6. பூட்டி, கசிவு பாருங்கள். தகடுகளையும் தட்டுகளையும் திரும்ப வையுங்கள். கம்பித்தட்டில் பூஞ்சணம் இன்னும் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, அது நெருப்புக்கு நேர்மேலே இருக்கும். சிலிண்டரை இணையுங்கள். பெரும்பாலான இணைப்புகளைக் கையால் இறுக்கினாலே போதும். குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர் வால்வை மட்டும் மெதுவாகத் திறவுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து இணைப்பிலும் குழாய் நெடுகிலும் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. வால்வை மூடி, இறுக்கி, மறுபடி பாருங்கள். அப்போதும் வந்தால் அந்தக் குழாயை மாற்றும்வரை அடுப்பை மூட்டாதீர்கள். தீக்குச்சி பிடித்துக் கசிவு பார்க்கும் பழக்கம் ஊரிலிருந்து கொண்டுவந்தவர்கள் அதை இன்றோடு விட்டுவிடலாம்.

7. முதல் நெருப்பு. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். எப்போதும். மூடிய அடுப்புக்குள் வாயு சேர்ந்த பிறகு பொறி விழுந்தால் மூடி முகத்துக்கு வரும். சில செக்கன்களில் பற்றாவிட்டால் குமிழை மூடி, மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி முயலுங்கள்.

எல்லா பேர்னர்களும் எரிந்ததும் நிறத்தைப் பாருங்கள். நீலச் சுவாலை, நுனியில் கொஞ்சம் மஞ்சள் என்றால் சரி. முழுவதும் மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். சுவாலை நீலமாக ஆனால் மிகச் சிறியதாக இருந்தால் சிலிண்டர் வால்வை வேகமாகத் திறந்திருப்பீர்கள். கசிவு என்று எண்ணி ரெகுலேற்றர் வாயுவைக் குறைத்துவிட்டது. எல்லாவற்றையும் மூடி, குழாயைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் பூட்டி, வால்வை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

பிறகு மூடியைச் சாத்தி, மூடியிலுள்ள வெப்பமானி 500 பாரன்ஹைட், அதாவது 260 செல்சியஸ் காட்டும்வரை பொறுங்கள். அந்தச் சூட்டில் 20 முதல் 30 நிமிடம். புகை வரும், மணமும் வரும். புகையின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இந்த அரை மணிநேரம் அடுப்பை விட்டு எங்கும் போகக்கூடாது. உள்ளே போய்த் தேநீர் போட்டு வருவதற்குள் தவறு நடக்கும்.

8. தேய்ப்பு. நெருப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, கம்பித்தட்டு இளஞ்சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். கருகியவை இப்போது இலகுவாக உதிரும். அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கி, இடுக்கியால் பிடித்துத் தேய்க்கலாம். எனாமல் பூசிய தட்டென்றால் பிளாஸ்ரிக்கோ மரமோ மட்டும். எனாமல் கீறினால் அடுத்த வருடம் அந்தக் கீறலில் கறள் பிடிக்கும்.

9. கழுவுதல். முற்றாக ஆறிய பிறகு தட்டுகளையும் தகடுகளையும் மறுபடி கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் தும்பு பிறஷால் கழுவி, வெறும் தண்ணீரில் அலசி, உடனே துடையுங்கள். சூட்டோடு சூடாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும், எனாமல் தெறிக்கும். மூடியின் ஓரம், கைப்பிடி, பக்கப் பலகை, சிலிண்டர் பெட்டி ஆகியவை நெருப்பு படாத இடங்கள். முழு நம்பிக்கையும் துணியில்தான். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்த பின்னும் கறை தெரிந்தால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். அலுமினியத்தில் வினாகிரியை நெடுநேரம் விடாதீர்கள்.

10. இரண்டாம் நெருப்பு. எல்லாவற்றையும் பூட்டி, மறுபடி 10 முதல் 15 நிமிடம் எரியவிடுங்கள். இது பூஞ்சணத்தைக் கொல்ல அல்ல, ஈரத்தையும் சவர்க்கார மிச்சத்தையும் போக்க. வார்ப்பிரும்புத் தட்டென்றால் ஆறியதும் ஒரு துணியில் சில துளி எண்ணெய் விட்டு மெல்லிதாகப் பூசி, மீண்டும் சிறிது நேரம் சூடாக்குங்கள். எண்ணெய் வழியக்கூடாது. தடிப்பாகப் பூசிய எண்ணெய் காயாமல் பிசுபிசுத்து, பூஞ்சணத்துக்கு நீங்களே விருந்து வைத்ததாகிவிடும்.

இதற்குப் பிறகு அன்று மாலையே சமைக்கலாம்.

உறையை மறந்துவிடாதீர்கள்

அடுப்பு பளிச்சென்று ஆன மகிழ்ச்சியில் பழைய உறையைத் தூக்கிப் போட்டு மூடுவார்கள். அந்த உறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அடுப்பில் இருந்த அதே பூஞ்சணம் அங்கேயும் இருக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் கொடியில் போட்டு நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள். தையல் ஓரங்களில் கறுப்பு ஊறிவிட்ட உறையை மாற்றுவதே நல்லது.

கொழுப்பில் தீப்பிடித்தால்

நான்காம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இது தேவைப்படாது. தேவைப்பட்டால் நின்று வாசிக்க நேரம் இருக்காது, ஆகவே இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கை சுடாமல் எட்ட முடிந்தால் குமிழ்களை மூடுங்கள், பிறகு சிலிண்டரை.
2. தீ சிறிதாக இருந்தால் அதன்மேல் அப்பச்சோடாவைத் தாராளமாகக் கொட்டுங்கள்.
3. இல்லையெனில் மூடியைச் சாத்தி, காற்றுத் துவாரங்களையும் அடைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.
4. தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் கொழுப்பில் தண்ணீர் விழுந்ததும் ஆவியாகி, எரியும் கொழுப்பை நாலாபக்கமும் தெறிக்கவைக்கும்.
5. குமிழ்ப்பக்கமோ சிலிண்டர்ப்பக்கமோ தீ போனால் அணைக்க முயலாமல் எல்லோரையும் தள்ளிக் கூட்டிப்போய் 911 அழையுங்கள்.

நல்லதென்று நினைத்துச் செய்யும் பிழைகள்

பிளீச் ஊற்றுவது. பூஞ்சணம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது அதுதான். குளியலறைச் சுவருக்குச் சரி, அடுப்புக்குச் சரியில்லை. எவர்சில்வரையே அது குழி குழியாக அரிக்கும். பிளீச்சும் வினாகிரியும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். "இரண்டையும் கலந்தால் பலம் கூடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெதுப்பி துப்புரவாக்கும் காரத் திரவமும் அலுமினியத்தைத் தின்னும்.

கம்பி பிறஷ். அதிலிருந்து கழரும் ஒரு மெல்லிய கம்பி தட்டில் ஒட்டி, இறைச்சியில் ஏறி, தொண்டையிலோ குடலிலோ குத்தி, சத்திரசிகிச்சைவரை போன சம்பவங்கள் கனடாவில் நடந்திருக்கின்றன. சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவும் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. பழைய கம்பி பிறஷ் வீட்டில் இருந்தால் இன்றே எறிந்துவிட்டு, தட்டை ஈரத் துவாயால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

அழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. பற்றவைக்கும் வயர்களுக்குள்ளும் பேர்னர் குழாய்களுக்குள்ளும் தண்ணீர் புகும் என்பதும் உண்மை.

பாதி வெங்காயத்தை முள்ளில் குத்தித் தட்டைத் தேய்ப்பது. சூடான தட்டில் ஒட்டிய மிச்சத்தை அது எடுக்கும், மணமும் நன்றாக இருக்கும். ஆனால் அது தினசரிப் பழக்கத்துக்கு. பூஞ்சணத்துக்கு வைத்தியம் அல்ல.

கரி அடுப்பு என்றால்

முதல் எதிரி சாம்பல். ஈரத்தை உறிஞ்சிய சாம்பல் காரமாகி உலோகத்தை அரிக்கும். பூஞ்சணம் பிடித்த கரி அடுப்பின் அடியில் பெரும்பாலும் களியாகிப்போன சாம்பல் இருக்கும். அதை முழுவதும் அள்ளிய பிறகே மற்ற வேலை.

போன வருடத்துக் கரி உள்ளேயே கிடந்து பூஞ்சணம் பூத்திருந்தால், காயவைத்துப் பாவிக்கலாமா என்று யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். நனைந்த கரி ஒழுங்காகப் பற்றாது, புகையும். புதுக் கரியை அடுப்பு நிறையப் பரப்பி, கீழ்த் துவாரத்தையும் மேல் துவாரத்தையும் முழுதாகத் திறந்து, மூடியைச் சாத்தி, அரை மணிநேரம் கடும்சூட்டில் எரியவிடுங்கள். மற்றப் படிகள் மேலே சொன்னவைதான்.

சாம்பலை அள்ளும்போது: அணைந்தது போலத் தோன்றும் கரிக்குள் ஒன்றிரண்டு நாள்வரைகூடக் கனல் இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் கொட்டி, டெக்கின் மரத்தில் வைக்காமல் கல்லிலோ மண்ணிலோ வையுங்கள். பிளாஸ்ரிக் குப்பைத் தொட்டிக்குப் போவது 48 மணிநேரம் கழிந்த பிறகு.

பூங்காவுக்குக் கொண்டுபோகும் சிறிய அடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றுகூடல் முடிந்து, இருட்டிய பிறகு, பாதி ஆறிய அடுப்பைக் கறுப்புப் பைக்குள் சுற்றிக் காரின் பின்பெட்டியில் போடுவோம். அது அப்படியே நிலவறைக்குப் போகும், அடுத்த ஒன்றுகூடலுக்குத்தான் வெளியே வரும். பைக்குள் ஈரம், கொழுப்பு, இருட்டு மூன்றும் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அந்தப் பையைப் பிரித்துக் கழுவிக் காயவைத்தால் இந்த அத்தியாயமே உங்களுக்குத் தேவையில்லை.

களிமண், மரத்தூள் அடுப்புகள்

முட்டை வடிவிலான களிமண் அடுப்புகளில் பூஞ்சணம் இன்னும் இலகுவாகப் பிடிக்கும். சுவர் ஈரத்தை உறிஞ்சும், துவாரங்களை அடைத்தால் காற்றே போகாது. இவற்றின் உட்புறத்தில் சவர்க்காரமோ வேறு திரவமோ போடாதீர்கள். ஊறி நின்று அடுத்த சமையலில் மணக்கும். பழைய கரியை எறிந்துவிட்டு, புதுக் கரியை மூட்டி, சூட்டை மெதுவாக ஏற்றிச் சுட்டெடுப்பதே முறை. ஈரம் ஊறிய களிமண்ணை ஒரேயடியாகச் சூடாக்கினால் வெடிப்பு விழலாம். கடும்சூட்டில் இருக்கும்போது மூடியை முதலில் ஓரங்குலம் மட்டும் தூக்கி, சற்றுப் பொறுத்துப் பிறகு திறவுங்கள். சட்டென்று திறந்தால் உட்புகும் காற்றில் நெருப்பு வெளியே பாயும்.

அழுத்திய மரத்தூள் துண்டுகளால் எரியும் அடுப்பென்றால் தொட்டியில் உள்ள துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊதிப் பெருத்திருந்தாலோ தூளாக உதிர்ந்தாலோ எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். அவற்றோடு மோட்டாரை இயக்கினால் தள்ளும் திருகு இறுகிவிடும்.

கைவிட வேண்டிய அடுப்பு

அடுப்புப் பெட்டியின் அடி கறள் தின்று ஓட்டையாகியிருந்தால், பேர்னர் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தால், இரட்டைச் சுவர் மூடியின் நடுவிலிருந்தே பூஞ்சண மணம் வந்துகொண்டிருந்தால் இவ்வளவு உழைப்பு வீண். வெடித்த வாயுக் குழாயையோ பழைய ரெகுலேற்றரையோ மட்டும் மாற்றினால் போதும் என்றால் மாற்றலாம், அவை தனியாகக் கிடைக்கும். பழைய சிலிண்டரைக் குப்பையில் போடக்கூடாது. நகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

திரும்பப் பிடிக்காமல் இருக்க

சமைத்து முடிந்ததும் அடுப்பை அணைக்காமல் 10, 15 நிமிடம் எரியவிட்டு, தட்டைத் தேய்த்து, பிறகு அணையுங்கள். வடிகிண்ணத்தை மாதம் ஒருமுறையாவது காலி செய்யுங்கள்.

உறை விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: புறொப்பேன் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ புறொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி. அடுப்பு சூடாக இருக்கையில் அது வெளியே போய்விடும். சற்று நேரம் மட்டும் மூட்டிவிட்டு, இளஞ்சூட்டோடு உறையைப் போட்டு மூடினால் உள்ளேயே படிந்து நிற்கும். நன்றாகச் சுட்டு, மூடியைத் திறந்து ஆறவிட்டு, தொட்டால் குளிர்ந்திருக்கும்போது மட்டும் உறை போடுங்கள். காற்றுப்போக வாயுள்ள உறையாக வாங்குங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் வெயில் எறித்ததும் உறையைக் கழற்றி ஒரு மணிநேரம் விடுங்கள்.

ஒக்ரோபர் கடைசியில், இனிச் சமைக்கப்போவதில்லை என்று தீர்மானித்த நாளில்:

1. மேலே சொன்ன நான்காம் படியையும் ஏழு முதல் பத்து வரையான படிகளையும் ஒருமுறை செய்யுங்கள். பூஞ்சணம் இல்லாதபோது இது சில மணிநேர வேலைதான்.
2. கரியையும் சாம்பலையும் மரத்தூள் துண்டுகளையும் முழுதாக வெளியே எடுங்கள். மிச்சக் கரியைக் காற்றுப்புகாத பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.
3. வாயுக் குழாயைக் கழற்றி, அதன் வாயையும் பேர்னர் குழாய்களின் வாயையும் பூச்சி புகாமல் மறைத்துக் கட்டுங்கள். வசந்தத்தில் மூட்டுமுன் அந்த மறைப்பை எடுக்க மறக்காதீர்கள்.
4. அடுப்பைக் கராஜில் வைக்கலாம். சிலிண்டரைக் கராஜிலோ நிலவறையிலோ வைக்கக்கூடாது. புறொப்பேன் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வால்வை மூடி, வீட்டுச் சுவரில் யன்னலும் காற்றுத் துவாரமும் இல்லாத பக்கமாக, வெளியே நிமிர்த்தி வையுங்கள். குளிர் அதை ஒன்றும் செய்யாது. வைக்கும்போது கழுத்துப் பட்டியில் பொறித்திருக்கும் திகதியைப் பாருங்கள். கனடாவில் 10 வருடம் கடந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள்.